அடுத்தவர் சாட் நம்ம திரையில்: சர்வருக்குள் எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். 'ம்ம்', 'அதாவது' எல்லாத்தையும் எடுத்துட்டோம். பேச்சுநடை கொஞ்சம் அப்படியே இருக்கும்.)

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "ஃப்ளாஸ்க்ல ஒரு ப்ராஜெக்ட் பண்றேன். டேட்டாபேஸ் கனெக்‌ஷனை ஃபைலோட மேலயே ஒரு தடவை திறந்து வச்சுட்டு, எல்லா இடத்துலயும் அதையே யூஸ் பண்றேன். நல்லாத்தான் ஓடுது. சீனியர் பார்த்துட்டு 'இது புரொடக்‌ஷன்ல படுத்துரும்'னு சொல்றார். ஏன்னு கேட்டா 'எல்லாம் அனுபவத்துல தெரியும்'ங்கிறார்."

சீனியர் சொன்னது சரி. ஆனா 'அனுபவத்துல தெரியும்' என்பது பதில் இல்லை. அந்த அனுபவம் பெரும்பாலும் ராத்திரி 11 மணிக்கு, வாடிக்கையாளர் திட்டிக்கொண்டிருக்கும்போது கிடைக்கும். அதுக்கு முன்னாடியே புரிஞ்சுக்கிறது நல்லது. அதனால இன்னிக்கு எபிசோடே இதுதான். ஒரு வெப் அப்ளிகேஷனுக்குள் பல பகுதிகள் இருக்கு. லாகின், ஆர்டர், பேமென்ட், ரிப்போர்ட். இது எல்லாத்துக்கும் பொதுவா சில பொருட்கள் வேணும். டேட்டாபேஸ், கேஷ், செட்டிங்ஸ். அந்தப் பொதுப் பொருளை யார் உருவாக்கணும், யார் கையில் இருக்கணும், யார் மூடணும்?

கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். இதுல ஒரு இடத்துல கை வழுக்கினா என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கு. அங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

2023 மார்ச் 20. சாட்ஜிபிடியைத் திறந்த சிலருக்கு, இடது பக்கத்தில் வரும் பழைய உரையாடல் பட்டியலில் தாங்கள் பேசாத தலைப்புகள் தெரிந்தன. வேற யாரோ பேசினது. ஓப்பன்ஏஐ நிறுவனம் சேவையையே நிறுத்தி வைத்தது. சில நாள் கழித்து அவர்களே வெளியிட்ட விளக்கத்தில் இன்னும் பெரிய விஷயம் இருந்தது. குறிப்பிட்ட 9 மணி நேரத்தில் ஆக்டிவாக இருந்த ப்ளஸ் சந்தாதாரர்களில் 1.2 சதவீதம் பேருடைய பெயர், இமெயில், பில்லிங் முகவரி, கார்டின் கடைசி நான்கு எண், காலாவதி தேதி ஆகியவை வேறொருவர் கண்ணில் பட்டிருக்கலாம். முழு கார்டு எண் வெளியே போகலை, அவ்வளவுதான் ஆறுதல்.

யாரும் ஹேக் பண்ணலை. பாஸ்வேர்டு திருடு போகலை. நடந்தது ஒரே ஒரு விஷயம்: பலர் பகிர்ந்துகொண்ட ஒரு கனெக்‌ஷன், ஒருத்தர்கிட்டேர்ந்து அடுத்தவர்கிட்ட அழுக்கோடு போச்சு.

அது எப்படினு கடைசியில் விரிவா சொல்றேன். அதுக்கு முன்னாடி அடிப்படை.

வாடகை சைக்கிள் கடை

ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதுசா ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறந்து, வேலை முடிஞ்சதும் மூடிட்டா என்ன? தப்பே இல்லை. ஜாங்கோ பல வருஷமா இயல்பா அப்படித்தான் செய்கிறது. அதில் கனெக்‌ஷனின் ஆயுளைச் சொல்லும் செட்டிங், நீங்க மாத்தாதவரை, பூஜ்யம். ரிக்வெஸ்ட் முடிஞ்சா கனெக்‌ஷனும் முடிஞ்சது. சின்ன சைட்டுக்கு இது போதும். சொல்லப்போனா இதுதான் பாதுகாப்பானது.

ஆனா கனெக்‌ஷன் திறப்பது இலவசம் இல்லை. முதலில் டிசிபி கைகுலுக்கல், அப்புறம் டிஎல்எஸ், அப்புறம் யூசர்நேம் பாஸ்வேர்டு சரிபார்ப்பு. போஸ்ட்கிரெஸ் என்றால் இன்னொரு செலவும் இருக்கு: ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் தனியாக ஒரு ப்ராசஸ் தொடங்கும். த்ரெட் இல்லை, முழு ப்ராசஸ். மைஎஸ்க்யூஎல் த்ரெட்டோடு நிறுத்திக்கொள்ளும். நீங்க கேட்கிற கேள்வி 2 மில்லிசெகண்ட் வேலை. அதைக் கேட்கக் கதவைத் திறக்கவே அதைவிட அதிக நேரம் போகும்.

அதனாலதான் கனெக்‌ஷன் பூல். இந்தத் தலைமுறைக்குத் தெரியுமானு தெரியலை, முன்னாடி தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை இருக்கும். மணிக்கு இவ்வளவுனு காசு. கடையில் பத்து சைக்கிள் இருக்கும். எடுத்துட்டுப் போவீங்க, ஓட்டுவீங்க, திருப்பி விடுவீங்க. ஒவ்வொருத்தரும் புதுசா சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. பத்தும் வெளியே போயிருந்தா பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கணும். பூலும் அதேதான். முன்கூட்டியே திறந்த சில கனெக்‌ஷன்கள். ரிக்வெஸ்ட் வந்தா ஒன்னை எடுக்கும், முடிஞ்சா திருப்பி வைக்கும்.

வாய்ஸ் நோட் அனுப்பினவங்க செஞ்சது என்ன? கடையில் ஒரே ஒரு சைக்கிளை வச்சுக்கிட்டு, வர்றவங்க எல்லாரையும் ஒரே நேரத்துல ஏறச் சொல்றது. லேப்டாப்பில் நீங்க ஒருத்தர்தான் யூசர், அதனால் ஓடுது. ஒரே கனெக்‌ஷனில் ஒருத்தர் ட்ரான்ஸாக்‌ஷன் நடுவுல இருக்கும்போது இன்னொருத்தர் ரோல்பேக் கொடுத்தா, முதல் ஆளோட ஆர்டரும் சேர்ந்து காணாமப் போகும். ராத்திரி டேட்டாபேஸ் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆச்சுனா, காலையில் எல்லா ரிக்வெஸ்ட்டும் செத்துப்போன கனெக்‌ஷனையே தட்டிக்கிட்டு இருக்கும்.

மூன்று ஆயுள்

பொதுப் பொருட்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு உதவுற கேள்வி ஒன்னுதான்: இது எவ்வளவு நேரம் உயிரோட இருக்கணும்?

சில பொருட்கள் அப்ளிகேஷன் இருக்கும்வரை இருக்கணும். செட்டிங்ஸ், கனெக்‌ஷன் பூல், டெம்ப்ளேட் எஞ்சின். இவை ஆரம்பத்தில் ஒரு தடவை உருவாகி, சர்வர் நிற்கும்போது மூடப்படணும். சில பொருட்கள் ஒரு ரிக்வெஸ்ட் நேரத்துக்கு மட்டும். லாகின் பண்ணின யூசர் யார், பூலில் இருந்து எடுத்த கனெக்‌ஷன் எது, இந்த ட்ரான்ஸாக்‌ஷன். ரிக்வெஸ்ட் முடிஞ்சதும் இவை சுவடு இல்லாமல் போகணும். மூன்றாவது வகை சர்வரே ரீஸ்டார்ட் ஆனாலும் இருக்கவேண்டியவை: ஆர்டர், ஓடிபி, செஷன். இவற்றுக்கு நம்ம ப்ராசஸோட மெமரி இடமே இல்லை. டேட்டாபேஸோ ரெடிஸோதான் வீடு.

நான் பார்த்த பிரச்சினைகளில் முக்கால்வாசி, ஒரு ஆயுளில் இருக்கவேண்டிய பொருளை இன்னொரு ஆயுளில் வச்சதால் வந்தவை.

ஜாவா சர்வ்லெட்டில் இது பழைய கதை. ஒரு சர்வ்லெட் வகுப்புக்குப் பொதுவாக ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் உருவாகும். அந்த ஒரே ஆப்ஜெக்ட்டுக்குள் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் நுழையும். காலேஜில் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் படிச்சுட்டு வந்த புதுப்பையன் என்ன செய்வான்? யூசர் பெயரை வகுப்பின் ஃபீல்டில் போட்டு வைப்பான். முதல் ரிக்வெஸ்ட் அதில் ஒரு பெயரை எழுதும். அதைத் திருப்பிப் படிப்பதற்குள் அடுத்த ரிக்வெஸ்ட் வந்து மேலேயே வேறு பெயரை எழுதிவிடும். முதல் ஆள் திரையில் ரெண்டாவது ஆளுக்கு வணக்கம். டெஸ்ட்டிங்கில் ஒருபோதும் பிடிபடாது, ஏன்னா டெஸ்ட்டர் ஒருத்தர்தான்.

ஃப்ளாஸ்க் இதை வேறு மாதிரி கையாளுது. அதில் 'ஜி'னு ஒரே எழுத்தில் ஒரு ஆப்ஜெக்ட் இருக்கு. குளோபல் என்பதன் முதல் எழுத்து. ஆனா உண்மையில் அது குளோபல் இல்லை. ஒரு ரிக்வெஸ்ட்டைக் கையாளும் நேரம் மட்டும்தான் உயிரோட இருக்கும். அடுத்த ரிக்வெஸ்ட்டில் பார்த்தா காலி. பெயரைப் பார்த்து ஏமாந்து, 'போன ரிக்வெஸ்ட்ல போட்டது ஏன் காணோம்'னு அரைநாள் தேடியவர்களில் நானும் ஒருத்தன். பேர் வச்சவங்க மேல எனக்கு இன்னும் லேசா கோபம் உண்டு.

ஓடிபி கதை

ரெகார்டிங் பாக்குற தம்பி கேக்குறான்: "அண்ணா, ஒரு டிக்‌ஷனரில போட்டு வச்சா என்ன? பைத்தான் மாட்யூல் ஒரு தடவைதானே லோட் ஆகும்?"

நல்ல கேள்வி, தம்பி. ஒரு தடவைதான் லோட் ஆகும், ஒரு ப்ராசஸுக்கு ஒரு தடவை. அங்கதான் சிக்கலே.

பல வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு சின்ன டீமில், ஓடிபியை மாட்யூலுக்கு மேலே ஒரு டிக்‌ஷனரியில் வச்சிருந்தோம். சாவி போன் நம்பர், மதிப்பு ஆறு இலக்க எண். லேப்டாப்பில் அழகா ஓடுச்சு. லைவ் போன அன்னிக்கே புகார்: "சரியான ஓடிபி போட்டாலும் தப்புனு வருது." இன்னொருத்தர்: "எனக்கு வேலை செய்யுதே." அதே ஆள் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணா ஒரு தடவை உள்ளே விடும்.

காரணம்: லைவ் சர்வரில் குனிகார்ன் நான்கு ஒர்க்கர் ப்ராசஸ்களை ஓட்டிக்கிட்டு இருந்தது. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனி மெமரி, தனி டிக்‌ஷனரி. ஓடிபி உருவாக்கின ரிக்வெஸ்ட் முதல் ஒர்க்கருக்குப் போச்சு. சரிபார்க்கிற ரிக்வெஸ்ட் மூணாவது ஒர்க்கருக்குப் போச்சு. அங்கே அந்த போன் நம்பரே கிடையாது. கிட்டத்தட்ட நாலில் ஒரு தடவைதான் ரெண்டும் ஒரே ஒர்க்கருக்குப் போகும். வாடிக்கையாளர் அதிர்ஷ்டத்தில் லாகின் பண்ணிக்கிட்டு இருந்தார்.

எங்க டீமில் ஒருத்தர் முதலில் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? ஒர்க்கரை ஒன்னா குறைச்சுடலாம். பண்ணவும் செஞ்சோம். வேலை செஞ்சது, சைட் ஆமை மாதிரி ஆயிடுச்சு. அடுத்த டிப்ளாய் பண்ணும்போது ப்ராசஸ் ரீஸ்டார்ட் ஆகி, அந்த நிமிஷம் ஓடிபிக்காகக் காத்திருந்த எல்லாரும் வெளியே. அப்புறம்தான் ரெடிஸுக்கு மாத்தினோம், 5 நிமிஷ காலாவதியோட. அது முதல் நாளே பண்ணியிருக்க வேண்டிய வேலை, ஒரு மணி நேரம்கூட ஆகலை.

ஒன்பது பெருக்கல் பதினைந்து

பூல் வச்சாச்சு, எல்லாம் சரிதானே? இல்லை. பூலும் ஒரு ப்ராசஸுக்கு ஒன்னு. இந்தக் கணக்கைப் போடாம விட்டதுக்கு நான் கொடுத்த விலை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

எண்களைச் சொல்றேன், மனசுக்குள்ள பெருக்கிக்கிட்டே வாங்க. குனிகார்ன் ஆவணத்தில் ஒர்க்கர் எண்ணிக்கைக்கு ஒரு பரிந்துரை இருக்கு: சிபியு கோர்களின் இரு மடங்கு, கூட ஒன்னு. எங்க மெஷினில் 4 கோர். ஆக 9 ஒர்க்கர். ஒவ்வொரு ஒர்க்கருக்குள்ளும் 16 த்ரெட் வச்சிருந்தோம். டேட்டாபேஸோட பேச எஸ்க்யூஎல்ஆல்கெமி. அதன் இயல்பான பூல் அளவு 5. அதுக்கு மேல நெருக்கடியில் இன்னும் 10 வரை திறந்துக்கலாம். ஆக ஒரு ப்ராசஸுக்கு அதிகபட்சம் 15. ஒன்பது பெருக்கல் பதினைந்து, 135.

எதிர்ப்பக்கம் போஸ்ட்கிரெஸ். அது இயல்பாக ஏற்றுக்கொள்ளும் கனெக்‌ஷன்கள் 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கீடு. நமக்கு 97.

சாதாரண நாளில் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு ப்ராசஸும் ரெண்டு மூணு கனெக்‌ஷன்தான் திறந்து வச்சிருக்கும். அந்த வெள்ளிக்கிழமை ஒரு தள்ளுபடி அறிவிப்பு போச்சு. கூட்டம் வந்தது. 97ஐத் தாண்டிய உடனே, டேட்டாபேஸ் 'மீதி இடங்கள் ஒதுக்கப்பட்டவை'னு கதவைச் சாத்த ஆரம்பிச்சது. பாதி பேருக்கு 500 எரர்.

இப்போ கொடுமையைக் கேளுங்க. கூட்டம்தானே பிரச்சினை, இன்னொரு சர்வர் போடுவோம்னு போட்டோம். அதாவது இன்னொரு 135. முன்னாடி பாதி பேருக்கு எரர், இப்போ முக்கால்வாசி பேருக்கு. நெரிசலான பஸ்ஸுக்கு இன்னொரு வாசல் வெட்டின மாதிரி. ஏறுறவங்க அதிகமானாங்க, சீட் அதே அளவு.

கடைசியில் வேலை செஞ்சது எதிர்த்திசை. பூல் அளவு 5, உபரி பூஜ்யம். ஒன்பது பெருக்கல் ஐந்து, 45. ரெண்டு சர்வருக்கும் சேர்த்து 90. மீதி 7 இடம் கிரான் வேலைகளுக்கும், பதட்டத்தில் டேட்டாபேஸுக்குள் நுழைந்து பார்க்கும் நமக்கும். அப்போ த்ரெட்கள் 16 இருக்கே, 5 கனெக்‌ஷன் எப்படிப் போதும்? மீதி த்ரெட்கள் பூல் வாசலில் வரிசையில் நிற்கும். எஸ்க்யூஎல்ஆல்கெமி இயல்பாக 30 விநாடி வரை காத்திருக்க விடும். ஒரு கேள்விக்குச் சில மில்லிசெகண்ட்தான் ஆகும் என்றால், வரிசை சட்டுனு நகரும். காத்திருப்பது எரரைவிட எவ்வளவோ மேல்.

சின்ன பூல் வேகமானது என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் ஆச்சு. யோசிச்சா காரணம் எளிது. டேட்டாபேஸ் மெஷினிலும் கோர்கள் எண்ணி விட்ட மாதிரிதான் இருக்கும். நூறு பேர் ஒரே நேரத்தில் உள்ளே போனா, அது நூறு வேலையையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்திப் பார்க்கும். லாக்குக்காக ஒன்னை ஒன்னு முறைச்சுக்கிட்டு நிற்கும். ஜாவா பக்கம் ஹிகாரிசிபினு ஒரு பிரபலமான பூல் இருக்கு. அதன் இயல்பு அளவே 10தான். பூல் அளவு பற்றி அவங்க எழுதி வச்சிருக்கிற பக்கத்தைப் படிச்சுப் பாருங்க, பெரிய பூல் ஆசையே போயிடும்.

சர்வர்கள் இன்னும் பெருகினால், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு பூல் என்பதே கட்டுப்படியாகாது. அப்போ டேட்டாபேஸுக்கு முன்னாடி பிஜிபவுன்சர் மாதிரி ஒன்னை நிறுத்துவாங்க. எல்லா ப்ராசஸும் அதனிடம் பேசும்; அது சில கனெக்‌ஷன்களை மட்டும் உள்ளே வச்சுக்கிட்டு எல்லாருக்கும் சுத்தி விடும். ட்ரான்ஸாக்‌ஷன் அளவில் பகிரும் முறையில் ஓட்டினால் ஒரு எச்சரிக்கை: ஒரு ட்ரான்ஸாக்‌ஷனில் நீங்க செட் பண்ணின செஷன் அமைப்புகள் எல்லாமே அடுத்ததில் உங்களிடம் இருக்கும்னு எதிர்பார்க்கக் கூடாது. அடுத்த தடவை உங்களுக்குக் கிடைப்பது வேற சைக்கிளா இருக்கலாம்.

திருப்பி விடாத சைக்கிள்

அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு கூட்டுக் குற்றவாளியும் இருந்தது. பூலைக் குறைச்ச பிறகும் அப்பப்போ 30 விநாடி காத்திருந்து டைம்அவுட் ஆச்சு. போஸ்ட்கிரெஸில் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'னு ஒரு வியூ உண்டு; இந்த நிமிஷம் யார் யார் என்ன பண்றாங்கனு காட்டும். பார்த்தா, பல கனெக்‌ஷன்கள் எதிரே 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்'னு இருந்தது. ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து வச்சுட்டு சும்மா உட்கார்ந்திருக்கு.

கோடைத் தேடினோம். ஆர்டர் பதிவு பண்ற ஃபங்ஷன்: ட்ரான்ஸாக்‌ஷன் தொடக்கம், ஆர்டரை எழுது, வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பு, கமிட். நடுவுல இருக்கிற எஸ்எம்எஸ்ஸைப் பாருங்க. அது வெளியே இன்னொரு நிறுவனத்தோட சர்வரைக் கூப்பிடும். அன்னிக்கு அது பதில் சொல்ல நாலஞ்சு விநாடி எடுத்தது. அத்தனை நேரமும் நம்ம கனெக்‌ஷன் யாருக்கும் உதவாம கையில். வாடகை சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போய் சினிமா தியேட்டர் ஸ்டாண்டில் போட்டுட்டுப் படம் பாக்குற மாதிரி.

கமிட்டை மேலே ஏத்தி, எஸ்எம்எஸ்ஸை அதுக்கு அப்புறம் வச்சோம். பிறகு அதையும் தனி க்யூவுக்கு மாத்தினோம். பல நாள் தொல்லை ரெண்டு வரியை இடம் மாத்தினதுல தீர்ந்தது.

இதே ஜாதி இன்னொரு தப்பு: கனெக்‌ஷனை எடுக்குறோம், நடுவுல எக்ஸெப்ஷன் வருது, திருப்பி வைக்கிற வரிக்குப் போகவே இல்லை. அந்த சைக்கிள் போனது போனதுதான். அதனால பைத்தானில் 'வித்' பிளாக்குக்குள் எடுங்க. ஜாவாவில் ட்ரை-வித்-ரிசோர்சஸ். எடுப்பதும் திருப்புவதும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கணும். 'நான் மறக்க மாட்டேன்' என்பதெல்லாம் திட்டம் இல்லை.

எங்கே வைக்கிறது

சரி, கோடை எப்படி அடுக்குறது? எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தவரை பிரச்சினை இல்லை. ஃபைல் 2000 வரி ஆனதும் பிரிப்பீங்க: யூசர், ஆர்டர், ரிப்போர்ட். இப்போ ஆர்டர் ஃபைலுக்கு டேட்டாபேஸ் வேணும். அது மெயின் ஃபைலில் இருக்கு. மெயின் ஃபைலுக்கு ஆர்டர் ஃபைலின் ரூட்கள் வேணும். இவன் அவனை இம்போர்ட் பண்றான், அவன் இவனை. பைத்தான் நடுவுல நின்னு எரர் கொடுக்கும். உடனே கூகுள் பண்ணி, இம்போர்ட் வரியை ஃபங்ஷனுக்குள்ள ஒளிச்சு வைப்போம். ஓடும். ஆனா அது நோய்க்கு மருந்து இல்லை.

ஃப்ளாஸ்க்கில் வழக்கமான தீர்வு ரெண்டு படி. பொதுப் பொருட்களுக்கு ஒரு தனி ஃபைல். அது வேறு எந்த ஃபைலையும் இம்போர்ட் பண்ணாது. அங்கே டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட் வெறும் கூடாக உருவாகும், எந்த அப்ளிகேஷனோடும் ஒட்டாமல். அப்புறம் 'கிரியேட் ஆப்' என்ற ஒரு ஃபங்ஷன்: செட்டிங்ஸைப் படிக்கும், அப்ளிகேஷனை உருவாக்கும், அந்தக் கூட்டை இதனோடு இணைக்கும், புளூபிரின்ட்களைப் பதிவு செய்யும். எல்லாரும் பொது ஃபைலைப் பார்க்கலாம், பொது ஃபைல் யாரையும் பார்க்காது. வட்டம் உடைஞ்சது.

இந்த ஃபங்ஷன் முறையின் பெரிய லாபம் எனக்குத் தெரிஞ்சது டெஸ்ட் எழுதும்போதுதான். மாட்யூல் லோட் ஆகும்போதே டேட்டாபேஸைத் திறக்கிற கோடு இருந்தா, சும்மா ஒரு ஃபங்ஷனை டெஸ்ட் பண்ண இம்போர்ட் செய்தாலே அது லைவ் டேட்டாபேஸ் வாசலில் போய் நிற்கும். எங்கோ ஒரு டெஸ்ட், உண்மையான வாடிக்கையாளர் டேபிளைத் துடைத்துவிட்டுப் போன கதைகளை நீங்க கேட்டிருப்பீங்க. 'கிரியேட் ஆப்' இருந்தா டெஸ்ட்டுக்கு வேற செட்டிங்ஸ் கொடுத்து வேற அப்ளிகேஷன் உருவாக்கிக்கலாம்.

ஒரு படி மேலே போனா, என் விருப்பம் இது: பிசினஸ் கணக்குப் போடும் ஃபங்ஷன்கள் குளோபலைத் தேடவே கூடாது. தேவையானதை ஆர்க்யுமென்ட்டாக வாங்கிக்கணும். ஆர்டர் தொகை கணக்கிடும் ஃபங்ஷனுக்கு கனெக்‌ஷனைக் கையில் கொடு. டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்னு பெரிய பேர் சொல்லிப் பயமுறுத்துவாங்க. கேட்டு வாங்கிக்கிறது, அவ்வளவுதான். ஃபங்ஷனின் முதல் வரியைப் பார்த்தாலே அது எதையெல்லாம் தொடும்னு தெரியும். நாலு ஃபைல் சின்ன ப்ராஜெக்ட்டில் இது அலுப்பா இருக்கலாம். அங்கே குளோபலே இருந்துட்டுப் போகட்டும், நான் சண்டை போட மாட்டேன்.

ஒன்னு மட்டும் கவனம். குனிகார்னில் ப்ரீலோட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு: அப்ளிகேஷனை முதலில் லோட் பண்ணிட்டு, அப்புறம் ஒர்க்கர்களாக ஃபோர்க் பண்ணும். மெமரி மிச்சம். ஆனா லோட் ஆகும்போதே கனெக்‌ஷன் திறந்திருந்தா, ஃபோர்க் ஆன எல்லா ஒர்க்கரும் அதே சாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். ஒருத்தர் கேட்ட கேள்விக்குப் பதிலை இன்னொருத்தர் படிப்பார். போஸ்ட்கிரெஸ் ஆவணமே இதைப் பற்றி எச்சரிக்குது. பூலை ஃபோர்க்குக்கு அப்புறம், ஒவ்வொரு ஒர்க்கருக்குள்ளும் புதுசா ஆரம்பிக்கணும்.

டீ கவுன்டரில் ஒரு க்ளாஸ்

இப்போ மார்ச் 20க்குத் திரும்புவோம். சாட்ஜிபிடி சர்வர்கள் பைத்தானில். யூசர் தகவலை ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸில் தேடாமல் இருக்க ரெடிஸில் கேஷ் பண்ணியிருந்தாங்க. ரெடிஸோடு பேச 'ரெடிஸ்-பை' என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அசிங்க்ஐஓ முறையில். அதுக்குள்ள பூல். நாம இதுவரை பேசின அதே பூல்.

ஒரு கனெக்‌ஷனில் கேள்வி ஒரு வரிசையில் போகும், பதில் ஒரு வரிசையில் வரும். பதிலில் 'இது இன்னாருக்கு'னு பெயர் எழுதியிருக்காது. முதலில் கேட்டவருக்கு முதல் பதில், அவ்வளவுதான் ஒப்பந்தம். டீக்கடை கவுன்டரை நினைச்சுக்கோங்க. டோக்கன் கிடையாது. ஒருத்தர் ஸ்ட்ராங் காபி சொல்லிட்டு, போன் வந்ததுனு கிளம்பிப் போயிடறார். மாஸ்டருக்கு அது தெரியாது. காபியைப் போட்டு கவுன்டரில் வைக்கிறார். அடுத்து வந்தவர் இஞ்சி டீ கேட்கிறார், கையை நீட்டுகிறார், காபி கிடைக்கிறது. அதுக்கு அடுத்தவருக்கு அந்த இஞ்சி டீ. எல்லாமே ஒன்னு தள்ளி.

அங்கே நடந்ததும் அதுதான். ஒரு ரிக்வெஸ்ட், கேள்வியை அனுப்பிய பிறகு, பதிலை எடுப்பதற்கு முன்னாடி ரத்தாகிவிட்டது. கனெக்‌ஷன் அப்படியே பூலுக்குத் திரும்பியது, எடுக்கப்படாத பதிலோடு. அடுத்து அதை எடுத்த ரிக்வெஸ்ட், தன் கேள்வியைக் கேட்டுவிட்டு, முந்தின ஆளின் பதிலைப் படித்தது. பெரும்பாலும் வடிவம் பொருந்தாமல் எரர் வந்துவிடும். ஆனா ரெண்டு பேரும் ஒரே மாதிரித் தகவலைக் கேட்டிருந்தா? காபி கேட்டவருக்கு இன்னொருத்தர் காபி. பார்க்க சரியாவே இருக்கும்.

இந்த பக் முன்பே லைப்ரரிக்குள் இருந்ததுதான். அன்று அதிகாலை 1 மணிக்கு, பசிபிக் நேரத்தில், அவங்க சர்வரில் செய்த ஒரு மாற்றம் ரிக்வெஸ்ட்கள் ரத்தாவதை எக்கச்சக்கமா கூட்டிவிட்டது. அரிதாக நடந்தது அடிக்கடி நடந்தது. லைப்ரரியில் 4.5.3 பதிப்பில் திருத்தம் வந்தது, அதுவும் எல்லா ஓட்டையையும் அடைக்கலை, 4.5.4 வரை போக வேண்டியிருந்தது.

தம்பி திரும்பக் கேக்குறான்: "அண்ணா, லைப்ரரியில தப்பு இருந்தா நாம என்ன பண்ண முடியும்?"

அவங்க பண்ணினதைச் சொல்றேன். லைப்ரரித் திருத்தத்தோடு நிற்காம, கேஷிலிருந்து வந்த தகவல் கேட்ட யூசருடையதுதானா என்று மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளைச் சேர்த்தாங்க. நாமும் செய்யலாம்: கேஷில் வைக்கும் ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அது யாருடையது என்பதை எழுதி வை, எடுத்ததும் ஒரு 'இஃப்'. பொருந்தலையா, தூக்கிப்போட்டுட்டு அந்தக் கனெக்‌ஷனையும் மூடு. சந்தேகமான நிலையில் இருக்கிற கனெக்‌ஷனைக் கழுவித் துடைச்சுத் திருப்பி வைக்க முயற்சியே வேண்டாம். புதுசு திறக்க ஆகும் சில மில்லிசெகண்ட் பரவாயில்லை.

வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு: உங்க ஃபைலோட மேலே இருக்கிற அந்தக் கனெக்‌ஷன் வரியை எடுத்துட்டு, அங்கே ஒரு எஞ்சினை மட்டும் வையுங்க. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் 'வித்' போட்டு அதிலிருந்து கனெக்‌ஷன் எடுங்க. அப்புறம் லேப்டாப்பிலேயே குனிகார்னை நாலு ஒர்க்கரோடு ஓட்டிப் பாருங்க; ரெண்டு பிரவுசரில் ரெண்டு பேரா லாகின் பண்ணி மாத்தி மாத்தி கிளிக் பண்ணுங்க. ஏதாவது உடைஞ்சா இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, எரரையும் சேர்த்து.